வகுப்புல பயறு முளைக்க வைக்கப் போறீங்களா? விதை வாங்கறதுல இருந்து காய் பறிக்கற வரைக்கும்

மதுரைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளில ரெண்டாம் வகுப்பு எடுக்கறேன், 28 பிள்ளைங்க. பயறு முளைக்க வைக்கறதுல என்ன இருக்கு, வீட்டுல வாரம் ஒருக்கா முளைகட்டத்தானே செய்யறோம்னு நினைச்சு முதல் தடவை எந்த ஏற்பாடும் இல்லாம ஒரு வியாழக்கிழமை ஆரம்பிச்சேன். திங்கக்கிழமை காலைல கதவத் திறந்தா ரூமே நாறுது. பஞ்செல்லாம் கொழகொழன்னு ஆகி பயறு அழுகிப் போயிருந்துச்சு, பிள்ளைங்க ஒவ்வொருத்தரா அவங்க டம்ளர எடுத்து மோந்து பார்த்துட்டு என் முகத்தப் பார்த்துச்சுங்க. ரெண்டாவது தடவை வேற மாதிரி போச்சு, அத கீழ விதை பத்தின இடத்துல சொல்றேன். மூணாவது தடவைதான் எல்லாம் சரியா வந்து, அந்த வருஷம் வகுப்புல காயே பறிச்சோம்.

வீட்டுல முளைகட்டறதுக்கும் வகுப்புல முளைக்க வைக்கறதுக்கும் என்ன வித்தியாசம்னா, வகுப்புல சனி ஞாயிறு லீவு வரும், 28 ஜோடி கை வரும், ஒவ்வொரு கையும் தண்ணி ஊத்தும். இந்த ரெண்டையும் சமாளிச்சுட்டா மிச்சத்த விதை பார்த்துக்கும். நான் பட்ட கஷ்டம் நீங்க பட வேண்டாம்னுதான் இத வரிசையா எழுதறேன், ஒன்னு ரெண்டு மூணு வகுப்பு எடுக்கறவங்களுக்கு அப்படியே பொருந்தும், அங்கன்வாடிக்கும் வீட்டுல ஒரே பிள்ளை வச்சு செய்யறவங்களுக்கும் பாதி பொருந்தும்.

1. முதல்ல காலண்டரப் பாருங்க, அப்புறம்தான் கடைக்குப் போகணும்

எல்லாரும் விதைல இருந்து ஆரம்பிக்கறாங்க, தேதில இருந்து ஆரம்பிக்கணும்.

ஜூலை முதல் வாரம்தான் என் கணக்குல நல்ல நேரம். ஜூன்ல ஸ்கூல் திறந்து பிள்ளைங்க ஒரு நிலைக்கு வந்திருக்கும், வெயிலும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றதுக்கும் ஒத்து வரும். ஜூலை முதல் வாரம் ஊற வச்சா பத்துப் பன்னெண்டு நாள்ல மண்ணுக்கு மாத்திடலாம், ஆகஸ்ட் நடுவுல பூ வரும், செப்டம்பர் முதல் வாரம் பச்சைக்காய், காலாண்டுப் பரீட்சை லீவு விடறதுக்குள்ள காஞ்ச காயும் கைக்கு வந்துரும். காய் வரைக்கும் போக வேண்டாம், முளைக்கறத மட்டும் காட்டுனா போதும்னா பொங்கல் லீவு முடிஞ்சு வர்ற வாரமும் நல்லாருக்கும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். திடீர்னு மழை லீவு விடுவாங்க, ஈரப்பதம் அதிகமா இருக்கறதால பூஞ்சையும் சீக்கிரம் புடிக்கும். ஏப்ரல்ல வெயில் தாங்காது, ஓட்டுக் கூரை வகுப்பா இருந்தா மத்தியானத்துக்குள்ள துணி காஞ்சு போயிரும்.

கிழமை ரொம்ப முக்கியம். திங்கக்கிழமை ஆரம்பிங்க, வேற கிழமையே வேண்டாம். திங்கள் ஊற வச்சு செவ்வாய் பாட்டில்ல வச்சா வெள்ளிக்குள்ள வேர் வந்து பிள்ளைங்க நாலு நாள் பார்த்துரும். நான் வியாழக்கிழமை ஆரம்பிச்சதால நடக்க வேண்டியதெல்லாம் பூட்டுன ரூமுக்குள்ள நடந்து முடிஞ்சிருச்சு. அந்த வாரமும் அடுத்த வாரமும் பண்டிகை லீவு, பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை ஏதாச்சும் இருக்கான்னு பார்த்துட்டு தேதியக் குறிங்க.

2. யார்கிட்ட சொல்லணும், என்ன பேப்பர் வேணும்

பெருசா ஒன்னும் இல்ல, ஆனா முன்னாடியே செஞ்சுருங்க.

ஹெச்.எம். கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, மண்ணுக்கு மாத்தறப்ப காம்பவுண்டு ஓரமா அஞ்சடி இடம் வேணும்னு அப்பவே கேட்டு வச்சுக்கங்க. நான் கேக்காம நட்டேன், அடுத்த வாரம் சுத்தம் பண்ண வந்தவங்க களைன்னு நினைச்சு புடுங்கிட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல. செலவ ஸ்கூல் கிராண்ட்ல எழுதப் போறீங்கன்னா அதயும் முதல்லயே கேட்டுட்டு மளிகைக் கடைல இருந்தே பில்லு வாங்கிருங்க, பின்னாடி போயி நின்னா 15 ரூபா பயறுக்கு யாரும் பில் போட்டுத் தர மாட்டாங்க.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்ல மூணு விஷயம் போடுங்க. பழைய ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒன்னு, பழைய வெள்ளை வேட்டித் துணி ஒரு முழம், ரெண்டையும் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்து விடுங்கன்னு. பயறு கைல இருக்கப் போகுது, மூக்கு காதுல போட்டுக்கற பழக்கம் இருக்கற பிள்ளைன்னா எங்கிட்ட சொல்லிருங்கன்னு. போட்டோ எடுத்து குரூப்ல போடலாமான்னு. போட்டோக்கு ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் செடிய மட்டும் எடுங்க, முகம் வேண்டாம்.

வகுப்புக்குள்ள ஒரே ஒரு நோட்டு போதும், ஆசிரியர் நோட்டு. எந்தத் தேதி என்ன செஞ்சீங்க, எத்தனை முளைச்சுதுன்னு அதுல எழுதிட்டு வந்தீங்கன்னா அடுத்த வருஷம் அதுதான் உங்களுக்கு வழிகாட்டி.

3. விதை எங்க வாங்கணும், எங்க வாங்கக் கூடாது

ரெண்டாவது தடவை நான் பண்ண தப்பு இதுதான். மளிகைக் கடைப் பயறு சரியா முளைக்காதோன்னு சந்தேகப்பட்டு விதைக் கடைல பாக்கெட் விதை வாங்கினேன். பிரிச்சுப் பார்த்தா ரோஸ் கலர்ல இருக்கு. பிள்ளைங்களுக்கு ஒரே சந்தோஷம், கலர் பயறு டீச்சர் கலர் பயறுன்னு எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்துச்சுங்க, அஞ்சு நிமிஷத்துல எல்லார் விரலும் ரோஸ். அப்புறம்தான் பாக்கெட்டத் திருப்பிப் படிச்சேன், பூஞ்சை மருந்து கலந்து நேர்த்தி பண்ண விதை, சாப்பிடவோ கால்நடைக்குப் போடவோ கூடாதுன்னு போட்டிருக்கு. எனக்குக் கையும் காலும் ஓடல. எல்லாரையும் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போயி சோப்பு போட்டு ரெண்டு ரெண்டு தடவை கழுவ விட்டேன், நல்ல வேளை யாரும் வாயில வைக்கல.

அதனால கெட்டியா சொல்றேன், ரோஸ், பச்சை, நீலம்னு சாயம் ஏறுன விதை எதுவா இருந்தாலும் பிள்ளைங்க கைக்கு வேண்டாம். சுண்டலுக்கு வாங்கற பயறே போதும், நல்லாவே முளைக்கும்.

எந்தப் பயறுன்னா, என் ஓட்டு தட்டப்பயறுக்குத்தான், சில ஊர்ல காராமணிம்பாங்க. கண்ணு வச்ச வெள்ளைத் தட்டப்பயறா வாங்குங்க, அந்தக் கண்ணுக்குப் பக்கத்துல இருந்துதான் வேர் வரும், அத முன்கூட்டியே சொல்லி வச்சா பிள்ளைங்க அந்த இடத்தயே உத்துப் பார்க்கும். மூணு நாலு நாள்ல வேர் நல்லா தெரியும், மண்ணுக்கு மாத்துனாலும் நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்கும்.

பாசிப்பயறு ஒரே நாள்ல முளைக்கும், ஆனா சின்னது, ரெண்டாம் வகுப்புப் பிள்ளை விரலுக்கு உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது. மொச்சை உள்ள பிரிச்சுக் காட்டறதுக்கு ரொம்ப நல்லது, அதுக்காக ஒரு கைப்பிடி வாங்கிக்கங்க. ராஜ்மா பெருசா அழகா இருக்கும், முளைக்க ஒரு வாரம் இழுக்கும், அதுவரைக்கும் ஆறு வயசுப் பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. அதோட பச்சை ராஜ்மா நாலஞ்சு தின்னாலே வாந்தி, வயித்துப்போக்கு வர அளவுக்கு அதுல நச்சு இருக்கு, நல்லா கொதிக்க வச்சு வேக வச்சாதான் போகும். சின்ன வகுப்புக்கு அத விட்டுருங்க.

உடைச்ச பருப்பு முளைக்காது, இது நமக்குத் தெரியும், ஆனா பிள்ளைங்களுக்குத் தெரியாது. ஒரு ஸ்பூன் உடைச்ச பாசிப்பருப்பும் எடுத்துட்டுப் போங்க, இது ஏன் முளைக்கலைன்னு அதுங்களே ஒரு வாரம் யோசிக்கட்டும்.

என்னோட செலவுக் கணக்கு: தட்டப்பயறு, பாசிப்பயறு, மொச்சை மூணும் நூறு நூறு கிராம், சேர்த்து 55 ரூபா. மார்க்கர் 25, செலோ டேப் 30, சார்ட் ரெண்டு 20, மண்புழு உரம் 5 கிலோ 100. மொத்தம் 230. பாட்டிலும் துணியும் வீட்டுல இருந்து வந்துச்சு. நூறு கிராம்ல அறுநூறு எழுநூறு தட்டப்பயறு இருக்கும், அதுக்கு மேல வாங்க வேண்டியதே இல்ல.

4. வீட்டுல ஒரு டெஸ்ட் போடுங்க

வகுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி வாங்குன பயறுல பத்தே பத்து எடுத்து ஊற வச்சு ஈரத்துணில கட்டிப் பாருங்க. மூணு நாள்ல எட்டு முளைச்சா நல்ல பயறு. அஞ்சுக்குக் கீழன்னா பழைய சரக்கு, வேற கடைல வாங்கிருங்க. ஓட்டை போட்ட பயறெல்லாம் வண்டு தின்னது, பொறுக்கித் தள்ளிருங்க. இந்தப் பத்துப் பயறு டெஸ்ட்ட மட்டும் யாரும் விட்டுறாதீங்க, 28 பிள்ளைங்க முன்னாடி எதுவுமே முளைக்காம நிக்கறது ரொம்பக் கஷ்டம்.

5. பாட்டில், துணி, கோடு

டம்ளர் வாங்கலாம்னு கடைக்குப் போயிறாதீங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடற பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை இருக்கு, ஸ்கூல்லயே அத வரிசையா அடுக்கி வச்சா நல்லாவா இருக்கும். கண்ணாடி பாட்டில் தெளிவாத் தெரியும், ஆனா விழுந்தா உடையும், சின்ன வகுப்புக்கு வேண்டாம். பழைய தண்ணி பாட்டில் போதும்.

மேல் பாகத்த நீங்களே வீட்டுல வெட்டிருங்க, பிள்ளைங்கள வெட்ட விடாதீங்க. வெட்டுன விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும், சுத்தி செலோ டேப் ஒட்டுங்க. இது 28 பாட்டிலுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும், வீட்டுல யாரயாச்சும் துணைக்கு வச்சுக்கங்க.

பஞ்சுதான் எல்லாரும் சொல்லுவாங்க, எனக்குப் பஞ்சு புடிக்கல. தண்ணிய அப்படியே குடிச்சு வச்சுக்கும், பயறுக்குக் காத்து போகாது, அதனாலதான் அழுகுது. அதோட வேர் பஞ்சுக்குள்ள புகுந்து சிக்கிக்கும், மண்ணுக்கு மாத்தறப்ப இழுத்தா வேர் அறுந்துரும். பழைய வேட்டித் துணிய நாலா மடிச்சு பாட்டிலோட உள்பக்கம் ஒட்டுன மாதிரி சுத்தி வைங்க, நடுவுல இருக்கற பள்ளத்துல மணல் போட்டு நிரப்புங்க, மணல் துணிய வெளிப்பக்கமா அழுத்திப் புடிச்சுக்கும். பயற துணிக்கும் பாட்டிலுக்கும் நடுவுல சொருகுனா கீழ விழாம அங்கயே நிக்கும், வெளில இருந்து எல்லாமே தெரியும்.

இப்ப முக்கியமான விஷயம். பாட்டில் அடில இருந்து ஒரு விரக்கட உயரத்துல மார்க்கரால ஒரு கோடு போடுங்க. தண்ணி அந்தக் கோடு வரைக்கும்தான், துணி மிச்சத்த மேல இழுத்துக்கும். பயறு கோட்டுக்கு மேல நாலு விரக்கட தள்ளி இருக்கணும். கொஞ்சமா ஊத்து கொஞ்சமா ஊத்துன்னு தொண்டை கிழிய சொன்னாலும் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம்னா என்னன்னு தெரியாது, கோடுன்னா தெரியும். இந்த ஒரு கோடு போட்டதுக்கு அப்புறம் எங்க வகுப்புல பயறு அழுகுனதே இல்ல.

பேர ஸ்கெட்ச் பேனால எழுதாதீங்க, தண்ணி பட்டு அழிஞ்சு இது என்னுது அது உன்னுதுன்னு சண்டை வரும். மார்க்கர்தான். 28 பாட்டிலயும் தக்காளி வர்ற பிளாஸ்டிக் கிரேட்டு ரெண்டுல அடுக்கிட்டா தூக்கி வைக்கவும் லேசு, தட்டி விடவும் மாட்டாங்க.

6. திங்கக்கிழமை: ஊற வைக்கறது

காலைல முதல் வேலையா ஒவ்வொரு பிள்ளைக்கும் காஞ்ச தட்டப்பயறு அஞ்சு, எண்ணிக் குடுங்க. திரும்ப வாங்கறப்பவும் எண்ணி வாங்குங்க. இத நான் சும்மா சொல்லல, போன தடவை ஒரு பையன் மூக்குக்குள்ள ஒன்ன விட்டுட்டு பயந்து போயி மத்தியானம் வரைக்கும் சொல்லாமயே இருந்திருக்கான். பயறு மூக்கு ஈரத்துல ஊதிரும், அதுக்கப்புறம் வெளில வர்றது கஷ்டம். அப்படி ஆயிருச்சுன்னா ஊக்கு, குச்சி எதையும் விட்டு நோண்டாதீங்க, உள்ள தள்ளிரும். காதுன்னா தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் ஊதும். வாயால மூச்சு விடச் சொல்லி சமாதானப்படுத்தி நேரா டாக்டர்கிட்ட போயிருங்க. எங்க பையனுக்கு டாக்டர் ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டாங்க.

ஒன்பதரைக்கு ஊற வச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கறப்ப தோல் சுருங்கி சுருங்கி இருக்கும், மூணரைக்கு உப்பிப் பெருசாயிரும். காஞ்ச பயறு ஒன்ன பக்கத்துல வச்சு ரெண்டையும் வரையச் சொல்லுங்க. ஸ்கூல் விடறதுக்கு முன்னாடி தண்ணிய வடிச்சுட்டு வீட்டுல முளைகட்டற மாதிரியே ஈரத்துணில கட்டித் தொங்க விடுங்க. ராத்திரி முழுக்க தண்ணிலயே கிடந்தா பயறுக்கு மூச்சு முட்டிரும், காலைல புளிச்ச வாடை வரும்.

அன்னைக்கே மொச்சையையும் காட்டிருங்க. மொச்சைய மட்டும் நீங்க ஞாயித்துக்கிழமை ராத்திரியே வீட்டுல ஊறப் போட்டு எடுத்துட்டுப் போகணும். ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு லேசா அழுத்துனா கண்ணு பக்கத்துல ஒரு சின்ன ஓட்டைல இருந்து ஒரு சொட்டு தண்ணி முத்து மாதிரி வெளில வரும், தண்ணி உள்ள போன வழி அதுதான். இன்னும் கொஞ்சம் அழுத்துனா தோல் கழண்டு பருப்பு வெளில குதிக்கும். எங்க வகுப்புல ஒரு பொண்ணு உடனே எந்திரிச்சு நின்னு, எங்க அம்மாச்சி இப்புடித்தான் டீச்சர் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கும்னு சொல்லுச்சு. அந்தப் பருப்ப ரெண்டாப் பிரிச்சா ஒரு பாதில ஓரமா ஒரு குட்டிச் செடி படுத்துக்கிட்டு இருக்கும், ரெண்டு இலையோட, வாலோட. பிள்ளைங்க மூச்சு விடாம பார்க்கும். அந்த நிமிஷத்துக்குப் பாடமே நடத்தாதீங்க, பார்க்க விடுங்க.

7. செவ்வாய்க்கிழமை: பாட்டில்ல வைக்கறது

துணிய அவுத்தா பாதிப் பயறுல வெள்ளையா ஒரு முனை எட்டிப் பார்க்கும். ஆளுக்கு மூணு குடுங்க, ஒரு பாட்டிலுக்கு ஒன்னு போதும்னு விட்றாதீங்க. பேர் போடாத அஞ்சாறு பாட்டில் தனியா ரெடி பண்ணி வைங்க. அதுதான் நோண்டிப் பார்க்கற பாட்டில்னு சொல்லிருங்க, யாருக்கு ஆசை வந்தாலும் அதுல இருந்து எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம், பிச்சுப் பார்க்கலாம், அவங்கவங்க பாட்டில்ல கை வைக்கக் கூடாது. இது இல்லன்னா வேர் வந்துச்சான்னு தினமும் புடுங்கிப் பார்த்தே கொன்னுருவாங்க.

புதன்கிழமை இன்னொரு கைப்பிடி ஊற வச்சு வியாழன் ரெண்டாவது செட்டா நாலு பாட்டில் போட்டு வைங்க. ஏன்னா முதல் செட்டுல செடி கழுத்த வளைச்சுக்கிட்டு மேல எந்திரிக்கறது பெரும்பாலும் சனி ஞாயித்துல நடந்துரும், ரெண்டாவது செட்டுல அத திங்கக்கிழமை கண்ணு முன்னாடி பார்க்கலாம்.

8. தினமும் பத்து நிமிஷம்

காலைல வருகை எடுத்து முடிச்ச கையோட பத்து நிமிஷம். அவங்க பாட்டில அவங்க முன்னாடி வச்சு, பார்த்து, வரையணும், அவ்வளவுதான். நீங்க போர்டுல செடி படம் வரையாதீங்க, தயவு செஞ்சு. நான் வரைஞ்சேன், 28 நோட்டுலயும் என் படம்தான் இருந்துச்சு, ஒருத்தன் பாட்டில்ல வேர் மட்டும்தான் வந்திருக்கு, நோட்டுல நாலு இலை, ஒரு பூ, மேல ஒரு சூரியன். போர்ட அழிச்சுட்டு, உன் பயறு இப்ப எந்தப் பக்கம் பார்த்து நிக்குது, அத போடுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் வளைஞ்ச வேர், கிழிஞ்ச தோல்னு வர ஆரம்பிச்சுது.

உயரம் அளக்க ஸ்கேல் வேண்டாம், ரெண்டாம் வகுப்புக்குச் சுழியத்துல இருந்து வைக்கவே வராது. பேப்பர் நாடா வெட்டி செடி உயரத்துக்குக் கத்தரிச்சு, தேதி போட்டு சார்ட்டுல வரிசையா ஒட்டுங்க. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா அதுவே படிக்கட்டு மாதிரி ஒரு வரைபடம் ஆயிரும், ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துல வர்ற கணக்குப் பாடத்துக்கும் அதயே எடுத்துக்கலாம், நேத்த விட இன்னைக்கு எவ்வளவு கூடன்னு.

இங்க ஒரு பொறி இருக்கு. மூணாவது நாலாவது நாள் வேர சுத்தி வெள்ளையா பஞ்சு மாதிரி தெரியும், பூஞ்சைன்னு நினைச்சு தூக்கிப் போட்டுறாதீங்க, நிறைய பேர் போட்டுடறாங்க. அது வேர்த்தூவி, தண்ணி குடிக்கற முடி. எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னா ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க, வேர்த்தூவின்னா வேரோட ஒட்டிப் படுத்து மறைஞ்சுரும், நுனிக்குக் கொஞ்சம் மேல ஒரே சீராவும் இருக்கும். பூஞ்சைன்னா சிலந்தி வலை மாதிரி தோல் மேல, அழுகுன பயறு மேல தாறுமாறா இருக்கும், வாடையும் வரும். பூஞ்சை வந்த பயற மட்டும் எடுத்துட்டு துணிய அலசிப் போடுங்க.

பாட்டில்ல இருக்கறத யாரும் திங்கக் கூடாதுங்கறத முதல் நாளே சட்டமாக்கிருங்க. தின்ன ஆசை வரும், வராம இருக்காது, அதுக்கு வெள்ளிக்கிழமை மிச்சப் பயற வீட்டுல சுண்டல் பண்ணி எடுத்துட்டு வந்து குடுத்துருங்க.

9. முளைக்காத பிள்ளைக்கு என்ன சொல்றது

மூணு பயறு வச்சும் ஒன்னு ரெண்டு பாட்டில்ல எதுவுமே வராது. முதல் வருஷம் சத்தமில்லாம வேற பாட்டில மாத்தி வச்சிரலாமான்னு கூட யோசிச்சேன். வேண்டாம், பிள்ளைங்களுக்குத் தெரியும், அதுங்க அதுங்க பயற அவ்வளவு உத்துப் பார்த்து வச்சிருக்கும். ஒரு பையன் மூணு நாளா, டீச்சர் என்னுது தூங்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். கடைசில அவனையே அந்தப் பயற எடுத்துப் பிரிச்சுப் பார்க்கச் சொன்னேன். உள்ள வண்டு அரிச்சுப் பொடியா இருந்துச்சு, குட்டிச் செடியே இல்ல. அவன் அத கைல வச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் கொண்டு போயி காட்டுனான். அப்புறம் பேர் போடாத பாட்டில்ல ஒன்ன அவனே தேர்ந்தெடுத்து அவன் பேர எழுதிக்கிட்டான். அழுதா அழட்டும், ஆனா ஏன்னு அவங்களே பார்க்கட்டும்.

10. வெள்ளிக்கிழமை பூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி

பழைய தண்ணிய ஊத்திட்டு கோடு வரைக்கும் புதுத் தண்ணி. கிரேட்ட ஜன்னல் வெயில்ல இருந்து உள்ள தள்ளி நிழல்ல வைங்க. மேல ஈரத்துணி ஒன்ன லேசாப் போர்த்துங்க, இறுக்கி மூடாதீங்க. எறும்பு வர்ற ரூமா இருந்தா கிரேட்டு நாலு மூலைக்கும் அடில தண்ணிக் கிண்ணம் வைக்கலாம், ஆனா திங்கக்கிழமை மறக்காம கொட்டிருங்க. தண்ணிய வாரத்துக்கு ரெண்டு தடவையாவது மாத்தணும், டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாள் தேங்குன தண்ணி கிடைச்சாலே வளர்ந்துரும், சுகாதாரப் பணியாளர் வந்து பார்த்தா முதல்ல இந்த பாட்டிலத்தான் கேப்பாங்க.

மூணு நாளுக்கு மேல லீவுன்னா ஒரே வழி, வீட்டுக்குக் குடுத்து விட்டுறது. திரும்பி வர்றப்ப 28ல 20 வரும், அதுக்குத் தயாரா இருங்க.

11. ரெண்டாவது வாரம் ஒரே ஒரு சோதனை

ஒன்னுதான், ரெண்டு மூணு சேர்த்தா எது எதுனாலன்னு பிள்ளைங்களுக்குக் குழம்பிரும். பிள்ளைங்க பேர் போட்ட பாட்டில எந்தச் சோதனைக்கும் எடுக்காதீங்க. தண்ணி இல்லாத குரூப்பு, இருட்டு குரூப்புன்னு பிரிச்சு ஒரு பொண்ணோட செடிய நான் பீரோக்குள்ள வச்சேன், அது சாப்பாட்டு நேரத்துல யாருக்கும் தெரியாம வந்து பீரோவத் திறந்து வெளிச்சம் காட்டிட்டுப் போயிருக்கு. அது சரியாத்தான் செஞ்சுது, நான்தான் அதோட செடிய எடுத்திருக்கக் கூடாது. பேர் போடாத பாட்டில் அதுக்குத்தான்.

எனக்குப் புடிச்சது இருட்டு வெளிச்சம் சோதனை. ரெண்டு பாட்டில் வெளில, ரெண்டு அட்டைப் பெட்டிக்குள்ள. நாலு நாள் கழிச்சுத் திறந்தா உள்ள இருக்கறதுதான் உயரமா இருக்கும், ஆனா மஞ்சளா வெளுத்து ஒல்லியா தலை சாஞ்சு நிக்கும். உசரமா இருக்கே, அப்ப இருட்டுதான் நல்லதான்னு கேளுங்க. எங்க வகுப்புல ரெண்டு மூணு பிள்ளைங்க முளைப்பாரின்னு கத்துச்சுங்க. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு அப்பத்தா இருட்டு ரூம்புல வச்சு வளர்க்கற முளைப்பாரி இதே மஞ்சள்தானே. வெளிச்சத்தத் தேடித் தேடி நீண்டு போகுது, பச்சை புடிக்க வெளிச்சம் கிடைக்கல, அவ்வளவு சொன்னாப் போதும்.

அது வேண்டாம்னா வேர் வந்த பாட்டில வாய்ப் பக்கம் துணியால அடைச்சுப் படுக்க வைங்க. ஒன்னு ரெண்டு நாள்ல வேர் கீழ திரும்பும், தண்டு மேல திரும்பும்.

12. மண்ணுக்கு மாத்தறது

பாட்டில்லயே ரொம்ப நாள் விடாதீங்க. செடி இதுவரைக்கும் விதைப் பருப்புல இருந்த சாப்பாட்டத்தான் தின்னுக்கிட்டு இருக்கு, அந்தப் பருப்பு சுருங்கி விழுந்ததும் மண்ணு இல்லன்னா வாடிரும். பத்துல இருந்து பன்னெண்டாவது நாளுக்குள்ள மாத்திருங்க.

செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒன்னு, மண்புழு உரமோ மக்குன எருவோ ஒன்னு. சாயங்காலமா மாத்துங்க, காலைல மாத்துனா அன்னைக்கு வெயிலுக்கே துவண்டுரும். துணிய ஈரமாக்கிட்டு மெதுவா உரிங்க, வேர் துணில ஒட்டிக்கிட்டா துணிய வெட்டி அதோடவே நட்டுருங்க, பருத்தித் துணிதானே மக்கிரும். செடிக்குச் செடி ஒரு அடி. இடம் இல்லன்னா 25 கிலோ அரிசிச் சாக்குல அடில ஓட்டை போட்டு மூணு செடி வைக்கலாம். சுத்தி முள்ளோ பழைய வலையோ கட்டாம விடாதீங்க, ஒரு ஆடு உள்ள வந்தா ரெண்டு நிமிஷ வேலை.

எல்லாத்தையும் ஸ்கூல்ல நட வேண்டாம். ஆளுக்கு ஒன்னு வீட்டுக்கு, ஸ்கூலுக்குப் பத்து. அவங்க செடி அவங்க வீட்டுலயே காய்க்கறத பார்க்கட்டும்.

13. பூ, காய், அடுத்த வருஷ விதை

ஆறு ஏழு வாரத்துல பூ வரும். தட்டப்பயறுப் பூ விடியக்காலைல விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள மூடிக்கும், அதனால முதல் பீரியட்லயே கூட்டிட்டுப் போங்க, ஈ.வி.எஸ். (சூழ்நிலையியல்) பாடம் மூணாவது பீரியட்னு காத்திருந்தா மூடுன பூவத்தான் பார்ப்பீங்க. பூக்காம்புல எறும்பு ஊறும், செடி அங்க கொஞ்சம் தேன் சுரக்கும், அதுக்கு வருது, கெடுதல் இல்ல. தண்டு நுனில கருப்பா அப்பிக்கிட்டு அசுவினி இருந்தாத்தான் கவனிக்கணும், முதல்ல தண்ணிய வேகமா பீச்சி அடிங்க, பாதி போயிரும். போகலைன்னா ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து சாயங்காலம் பிள்ளைங்க போனதுக்கு அப்புறம் நீங்க அடிங்க, வேற மருந்து எதுவும் ஸ்கூலுக்குள்ள வேண்டாம்.

ரெண்டு மாசத்துல பச்சைக்காய் வந்துரும், பாதிய பறிச்சு சத்துணவுக் கூடத்துல குடுத்தா பொரியல்ல சேர்த்துப்பாங்க. மிச்சத்த செடிலயே காய விடுங்க. நெத்து பழுப்பாகி கிலுகிலுன்னு சத்தம் வந்ததும் பறிச்சு பிள்ளைங்களையே உரிக்கச் சொல்லுங்க. ஒரு நெத்துல எத்தனை பயறு, ஒத்தப் பயறு எத்தனையாச்சுன்னு எண்ணறதுக்கே ஒரு பீரியட் போயிரும், எங்களுக்கு ஒரு நெத்துல அதிகபட்சம் 14 இருந்துச்சு.

அதுல நல்ல திரட்சியான பயறா ஒரு கைப்பிடி எடுத்து ரெண்டு மூணு நாள் காய வச்சு, சலிச்ச அடுப்புச் சாம்பல்ல கலந்து மூடி இறுக்கமா இருக்கற பாட்டில்ல போட்டு, எந்த வகுப்பு, எந்த வருஷம்னு எழுதி பீரோல வைங்க, சாம்பல் இல்லன்னா வண்டு விழுந்துரும். போன வருஷம் எடுத்து வச்சதுல இந்த ஜூன்ல பத்து போட்டுப் பார்த்தேன், ஒன்பது முளைச்சுது. பாட்டில் மேல இருந்த எழுத்த இப்ப மூணாம் வகுப்புப் போன பிள்ளைங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, டீச்சர் அது எங்க பயறுன்னு சொல்லிட்டுப் போகுதுங்க.